தோலில் விழுந்த கரும்புள்ளிகள்

முதன்முதலாக உருப்படியாக ஒரு மணிபர்ஸ் செய்தேன். தோலை நனைத்து, முகப்பில் ஒரு சின்னப் புள்ளிக் கோலம் தட்டி, சுருண்டுவிடக் கூடாதே என்று மேலே அப்பா காலத்து இரும்பு ஸ்கேலை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் குறுக்கே நீலக் கறுப்பில் ஒரு கோடு. ஸ்கேல் இருந்த இடம் அப்படியே அச்சு எடுத்தது போல. அது தவிர அங்கங்கே ஏழெட்டுக் கரும்புள்ளிகள்.

பேனா மை என்று நினைத்தேன். ஸ்பிரிட்டில் துடைத்தேன், போகவில்லை. ரப்பரால் தேய்த்தேன், தோல்தான் தேய்ந்தது. ஸ்கேலை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொரு துண்டில் மறுபடி செய்தேன். கோடு வரவில்லை, புள்ளிகள் மட்டும் வந்தன. பூசணமோ, என் கை வேர்வையோ என்று ஒரு மாதம் குழம்பினேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறவள் நான். ஒரு தப்பு இரண்டு தடவை ஒரே மாதிரி வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று வகுப்பில் வாய் கிழியச் சொல்வேன். வீட்டில் அது ஞாபகம் வரவில்லை.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் வேப்பமர நிழலில் ஒரு அண்ணாச்சி உட்கார்ந்து செருப்பும் பையும் தைத்துக் கொடுப்பார். என் கைப்பைக்கு அவர்தான் எப்போதும் வார் மாற்றித் தருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கெட்டுப்போன துண்டை அவரிடம் கொண்டு காட்டினேன். திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"எந்தத் தண்ணில நனைச்சிய டீச்சர்?"

"வீட்டுப் போர் தண்ணிதான் அண்ணாச்சி."

"வாளி அடியெல்லாம் செவந்து கெடக்குமே?"

கிடக்கும். குளியலறைத் தரையே செம்மண் நிறத்தில்தான் இருக்கும்.

"அப்பம் அதான். தண்ணில இரும்பு கெடக்கு. பட்டைல பதம் போட்ட தோலுக்கும் இரும்புக்கும் ஆகாது. வெண்ணி வைக்குத மாதிரி நல்ல தண்ணி எடுத்து நனைச்சுப் பாருங்க."

அவ்வளவுதான் விஷயம். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தில் பதனிட்ட தோலில் அந்தத் துவர்ப்பு அப்படியே தங்கியிருக்கும். ஈரத்தோடு இரும்பு பட்டால் இரண்டும் சேர்ந்து கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே சங்கதிதான். நான் ராத்திரி முழுவதும் என் பர்ஸின் மேல் மை காய்ச்சியிருக்கிறேன். எங்கள் ஆற்றுக்குப் பெயரில்தான் தாமிரம். வீட்டுக் குழாயில் வருவது இரும்பு.

இப்போது தோல் நனைக்க ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் பிடித்த தண்ணீரைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கேனில் வைத்திருக்கிறேன். ஸ்கேல் ஸ்டெயின்லெஸ். கோலம் தட்டும் அச்சுகளை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டே ஈரத் தோலில் வைக்கிறேன். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் பறந்து வந்து விழுந்தாலும் இதே கதைதான்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு எலுமிச்சம்பழம். ஒரு பழத்தைப் பிழிந்து கால் டம்ளர் நல்ல தண்ணீரில் கலந்து, வெள்ளைத் துணியால் அந்த முகம் முழுக்கத் தடவ வேண்டும். புள்ளியை மட்டும் தடவினால் அதைச் சுற்றி வட்டமாக இன்னொரு கறை விழும். ஒன்றிரண்டு நிமிஷத்தில் கறுப்பு வெளுக்கத் தொடங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு முறை துடைத்து நிழலில் உலர்த்தி, காய்ந்ததும் லேசாக எண்ணெய் காட்ட வேண்டும். என் புள்ளிகள் போய்விட்டன. ஸ்கேல் கோடு முக்கால்வாசி போனது. மிச்சத்தோடுதான் அந்தப் பர்ஸ் இன்றும் என் பையில் இருக்கிறது.

நாலு வருஷமாக இந்த வேலையை வைத்துக்கொண்டிருக்கிறேன். என் கை சரியில்லை என்று நான் அழுததில் பாதிக்கு மேல் கையின் குற்றமே இல்லை. ஒன்று தண்ணீர், இல்லாவிட்டால் தோல், இல்லாவிட்டால் மழை. வீடியோவில் சொல்லித் தருகிறவர்கள் எல்லாம் குளிர் நாட்டில், நல்ல தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தோல் விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் சென்னை பெரியமேட்டில் கிலோ கணக்கில் துண்டுத் தோல் வாங்கி வந்தேன். விலை மலிவு. ஆனால் அதில் பாதி, பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் செருப்புக்கும் ஷூவுக்கும் ஜாக்கெட்டுக்கும் பதனிடுவது பெரும்பாலும் அதுதான். நல்ல தோல்தான், மெத்தென்று இருக்கும். ஆனால் அச்சுத் தட்டினால் பதியாது, ஓரம் தேய்த்தால் வழவழப்பு ஏறாது. மூன்று வாரம் நான் ஒரு குரோம் துண்டின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை இறங்கிப்போனேன். நமக்கு வேண்டியது பட்டைத் தோல். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துப் பதனிடும் சாலைகள் அதற்குப் பேர்போனவை. முன்பு அதற்கு ஆவாரம்பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற, நம் ஊர்ச் செம்மண் ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற அதே ஆவாரைதான்.

எது எது என்று தெரியாவிட்டால் வெந்நீர்ச் சோதனை. விரல் நகம் அளவு துண்டு ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் ஒரு நிமிஷத்துக்குள் அப்பளம் போலச் சுருண்டு விறைத்துவிடும். குரோம் தோல் அநேகமாக அப்படியே கிடக்கும். இதை நான் அடுப்படியில் செய்தபோது அத்தை வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னத்தம்மா வேவிக்க?"

"தோலு அத்தை."

அன்றிலிருந்து அந்தப் பாத்திரம் மொட்டை மாடியில்தான் இருக்கிறது. எம்.எஸ்சி., பி.எட். படித்தவளுக்கு இந்த வேலை எதற்கு என்று வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களில் ஒரு ஆளாவது கேட்காமல் போவதில்லை. அவர்கள் எந்த வேலையை மனதில் வைத்துக் கேட்கிறார்கள், எந்த ஆட்களை மனதில் வைத்துக் கேட்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

கனம் பற்றி ஒரே ஒரு கணக்கு. வெளிநாட்டு வீடியோவில் எட்டு அவுன்ஸ் தோல் என்பார்கள். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். ஆக எட்டு அவுன்ஸ் 3.2. பெல்ட்டுக்கு அது சரி. மணிபர்ஸுக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் நாலு மடிப்பு சேர்ந்து செங்கல் ஆகிவிடும்.

பெல்ட் என்றதும் தாய்மாமா ஞாபகம் வந்துவிட்டது. மாமாவுக்கு வேட்டி மேல் கட்ட, முன்னால் காசுப்பை வைத்த அகலப் பெல்ட் ஒன்று செய்து கொடுத்தேன். கடையில் விற்கிற பச்சைப் பெல்ட் வேண்டாம், கறுப்புத்தான் வேண்டும் என்றார். இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, துண்டுத் தோலில் நீளமாகக் கிடைத்தது என்று வயிற்றுப் பக்கத்துத் தோலில் வெட்டிவிட்டேன். வயிற்றுத் தோல் இழுபடும். இரண்டே மாதத்தில் மாமா ஒரு ஓட்டை தள்ளி மாட்ட வேண்டியதாயிற்று. மாமாவின் தொப்பை குறைந்துவிட்டது என்று அத்தை சந்தோஷப்பட்டதுதான் மிச்சம். பெல்ட்டுக்கு எப்போதும் முதுகுத்தண்டை ஒட்டி, அதே திசையில் வெட்ட வேண்டும்.

இரண்டாவது தப்பு சாயம். கறுப்பு ஸ்பிரிட் சாயத்தை மூன்று கை பூசி, பளபளவென்று இருந்ததும் அப்படியே கொடுத்துவிட்டேன். தென்காசியில் ஒரு கல்யாணம், வைகாசி வெயில், மண்டபத்தில் ஃபேன் ஓடவில்லை. சாப்பாட்டுப் பந்தியிலிருந்து மாமா எழுந்து வந்தார்.

"ஏட்டி, இங்க பாரு. கல்யாண வீட்டுக்கு வந்தனா, கரிமூட்டம் போட வந்தனா?"

பட்டு வேட்டியின் இடுப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு. அந்த வேட்டியைப் பற்றி இனி நான் பேசப் போவதில்லை.

சாயம் பூசியதும் ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும், கை வலிக்கும். தோலுக்குள் இறங்காமல் மேலே உட்கார்ந்திருக்கும் பொடிதான் வேட்டிக்கு வருவது. அதன் பிறகே மேல்பூச்சு. மேல்பூச்சும் காய்ந்தபின் ஈரத் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். எல்லாம் செய்துவிட்டு உள்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். வேட்டியில் படுவது உள்பக்கம்தான்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் வேண்டாம் வேண்டாம் என்று எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு ஒன்று இருக்கிறதே! காசு கொடுத்து வாங்கிய கறுப்பு ஒட்டமாட்டேன் என்கிறது, வீட்டுக் குழாயில் சும்மா வருவது விடமாட்டேன் என்கிறது. கலம்காரித் துணிக்குக் கறுப்பு எழுதுகிறவர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்காக ஊறவைப்பார்கள் என்பது தெரியும். வெல்லத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட்டேன்.

ஒரு கைப்பிடி துருப்பிடித்த ஆணி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். கால் கிலோ கருப்பட்டியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஆணிகளைப் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவின் வாயை இறுக்கி மூடாமல் துணி கட்டி நிழலில் வைத்தேன். இறுக்கி மூடினால் நுரைத்து வெடிக்கும். முதல் வாரம் பதநீர் புளித்த வாடை, இரண்டாம் வாரம் வேறு வாடை. அதை எழுத வேண்டாம். மூன்று வாரம் கழித்து வடிகட்டினால் மங்கலான பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. இதுவா கறுக்கப் போகிறது என்று தோன்றியது.

பெல்ட் துண்டு ஒன்றில் தூரிகையால் ஒரு இழுப்பு. ஈரம் பட்ட இடம் முதலில் சாம்பலாயிற்று. நான் தூரிகையைத் திரும்ப டப்பாவில் தோய்ப்பதற்குள் அது நீலமாகி, மூச்சு விடுவதற்குள் காக்காய்க் கறுப்பாகிவிட்டது. பூசியது பழுப்பு, ஆனது கறுப்பு. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்திருக்கலாமோ என்று அன்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

இந்தக் கறுப்பு தோலுக்குள்ளேயே உண்டாவது. மேலே பூசியது அல்ல. அதனால் துணியில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. இன்னும் அடர்த்தியாக வேண்டும் என்றால் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரை முதலில் தடவிக் காயவிட்டு, அதன்மேல் இரும்புத் தண்ணீர் பூசலாம். கடைசியில் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து துடைத்துவிடுங்கள், புளிப்பு தோலில் தங்கக் கூடாது. அப்புறம் எண்ணெய். எண்ணெய் காட்டாமல் விட்டால் மடிப்பில் வெடிக்கும். கையுறை போட மறந்தால் உங்கள் விரலும் கறுக்கும். தேர்வு அறையில் மேற்பார்வைக்குப் போனபோது, டீச்சர் கையில் என்ன என்று ஒரு பையன் கேட்டான்.

எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். நாள்பட்டால் சிக்கு வாடை வரும். நான் மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைச் சின்னப் பாட்டிலாக வரவழைத்து வைத்திருக்கிறேன். ஒரு பர்ஸுக்கு அரை டீஸ்பூன் தாராளம். அதிகம் போனால் தோல் ஊறிய வடை மாதிரி தொளதொளத்துவிடும்.

தையலுக்கு வருவோம். இங்கேதான் உண்மையிலேயே கையின் குற்றம். இரண்டு ஊசி, ஒரே நூல், ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஊசி வரும். மெஷின் தையலில் ஓர் இடம் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் கழன்று வரும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நூல் தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு, அதோடு இரண்டு சாண். இதில் கஞ்சத்தனம் செய்து, கடைசி மூன்று ஓட்டைக்கு நூல் எட்டாமல் முழுவதையும் பிரித்த அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு.

முன்பக்கம் அழகாகச் சாய்ந்து வருகிற தையல் பின்பக்கம் கோணல்மாணலாக இருக்கிறதா? எந்த ஊசி முதலில் நுழைகிறது என்பதை ஓட்டைக்கு ஓட்டை மாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். வலது கை என்றால் கடைசி வரை வலது கைதான். நடுவில் டீ குடிக்க எழுந்தால் எந்தக் கையில் விட்டோம் என்று சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டு எழுந்திருங்கள். இரண்டாவது ஊசி நுழையும்போது முதல் நூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஊசி நூலையே குத்திக்கொண்டு போய்விடும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. ஊசி முனை மழுங்கியிருப்பது நல்லது. தனியாக வாங்க வேண்டாம், கோணி ஊசியில் மெல்லியதாகப் பார்த்து முனையைச் சாணைக்கல்லில் நாலு தேய்ப்பு தேய்த்தால் போதும்.

ஓரம் தேய்ப்பதற்கு என் கருவி உடைந்த மோர் மத்து. அதன் தலையில் உள்ள பள்ளங்கள் தோலின் ஓரத்துக்கென்றே கடைந்தது போல இருக்கின்றன. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடைசல் பட்டறையில் சொன்னால் புதிதாகவே கடைந்து தருவார்கள், ஆனால் மத்துக்கு ஒரு ராசி இருக்கிறது. முதலில் 400 நம்பர் உப்புத்தாள், பிறகு 800. ஓரத்தை விரலால் லேசாக ஈரமாக்கித் தேய்க்க வேண்டும். நிறைய நனைத்தால் ஓரம் காளான் குடை மாதிரி விரிந்துவிடும். புத்தகத்தில் சொல்கிற பிசின் கிடைக்கவில்லை என்று, ஜிகர்தண்டாவுக்குப் போடுகிற பாதாம் பிசினை ராத்திரி ஊறவைத்துத் துணியில் வடிகட்டித் தடவிப் பார்த்தேன். எனக்கு நன்றாகவே வந்தது. மிச்சத்தைப் பாலில் போட்டுக் குடித்துவிட்டேன்.

மழைக்காலம் தனிக் கதை. ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டும் பசை கூடச் சொன்ன பேச்சு கேட்காது. இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்தபிறகுதான் சேர்க்க வேண்டும். மழை நாளில் அதற்கு இரண்டு மடங்கு நேரம் பொறுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. கீழ்த் தட்டில் வைத்திருந்த தோல் சுருள் முழுக்க நனைந்துவிட்டது. நாலாவது நாள் வெயில் வந்ததும் அவசரப்பட்டு ஒரு துண்டை மாடி வெயிலில் போட்டேன், சாயங்காலம் அது முறம் மாதிரி விறைத்துக் கிடந்தது. மற்றதை எல்லாம் நிழலில் கோரைப்பாய் விரித்துப் போட்டேன். பத்தமடைப் பட்டுப் பாய் வேண்டாம், சாதாரணப் பாய் போதும். அடியில் காற்று புக வேண்டும், அவ்வளவுதான். லேசான ஈரம் மிச்சம் இருக்கும்போதே எண்ணெய் காட்டினேன். பிழைத்துக்கொண்டது. ஆனால் பூசணம் வந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்துக் காயவைத்தேன். அதற்குப் பிறகு எந்தத் தோலையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பதில்லை. பழைய வேட்டியில் சுற்றுகிறேன். யாருடைய வேட்டி என்று சொல்லவும் வேண்டுமா?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வீணாகப் பயப்படுவீர்கள். வெள்ளையாகப் படர்ந்திருப்பதெல்லாம் பூசணம் அல்ல. மார்கழிக் குளிரில் சில சமயம் தோலுக்குள் போன மெழுகும் கொழுப்பும் மேலே வந்து பூத்திருக்கும். தலைமுடி உலர்த்தும் டிரையரை அரை நிமிஷம் காட்டுங்கள். மெழுகு என்றால் உருகி உள்ளே போய்விடும், பூசணம் அசையாது.

போன மாதம் மாமாவுக்குப் புதுப் பெல்ட் கொடுத்தேன். முதுகுத் தோல், கருப்பட்டிக் கறுப்பு. மாமா வாங்கியதும் முதல் வேலையாகக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டார்.

அந்த இரும்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் போனேன். அண்ணாச்சி மூடியைத் திறந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் கிடந்த செருப்பு வாரில் ஒரு சொட்டு விட்டார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு சொட்டு விட்டார். ஈரம்தான் தெரிந்தது.

"இது குரோம் தோலுல்லா டீச்சர்" என்று சிரித்தார். "எனக்கு இப்பம் வாரது பூரா இதான். பட்டைத் தோலு எங்க வருது?"

பாட்டிலை மூடி என்னிடம் தரவில்லை, தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடுக்காய்த் தண்ணீரோடு வருகிறேன், முதலில் அதைத் தடவிவிட்டு மறுபடி பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.